மறதி நோய்: பாட்டி மீண்டும் காபி போட முடியுமா?

மாணவ நண்பர்களே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பில்டர் காபி போடுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். "தூளைப் போட வேண்டும், வெந்நீர் ஊற்ற வேண்டும், பாலைக் காய்ச்சிக் கலக்க வேண்டும்" என்று மூன்று வரிகளில் முடித்துவிடக் கூடாது. ஒரு சிறு வேலையையும் விடாமல் எழுத வேண்டும்.

பில்டரின் மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தின் மீது பொருத்துவது, தூளை அளந்து போடுவது, அதன்மேல் துளையிட்ட தட்டை வைத்து அழுத்துவது, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றுவது, மூடிவிட்டு டிகாக்‌ஷன் இறங்கும்வரை காத்திருப்பது, பாலை அடுப்பில் ஏற்றுவது, பொங்கி வரும்போது தீயைத் தணிப்பது, அடுப்பை அணைப்பது, டம்ளரில் டிகாக்‌ஷனை ஊற்றுவது, பாலும் சர்க்கரையும் சேர்ப்பது, டபராவில் ஆற்றுவது. இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் இருபது படிகள்கூட வரும்.

இந்த இருபது படிகளும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது. மறதி நோய் வந்த ஒரு பாட்டி காபி போடத் தடுமாறுகிறார் என்றால், இருபது கண்ணிகளும் அறுந்துவிட்டன என்று பொருளா? இல்லை. நோயின் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று கண்ணிகளே பழுதாகியிருக்கும். ஆனால் வீட்டில் உள்ளவர்கள், "பாட்டிக்கு இனிமேல் காபி போட வராது" என்று முடிவு கட்டி, சமையலறைப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த இரண்டு மூன்று கண்ணிகளுக்கு மட்டும் முட்டுக் கொடுத்தால் பாட்டி மீண்டும் தம் கையால் காபி போடுவாரா? விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை இக்கட்டுரையில் காண்போம்.

மறதி வேறு, மறதி நோய் வேறு

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் நேர்வது. வயது ஏறும்போது இது சற்று அதிகமாகும். ஆனால், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது வேறு வகை. நினைவு, மொழி, வழி அறிதல், திட்டமிடுதல் முதலிய ஆற்றல்கள் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையே தடுமாறும் நிலையை மருத்துவர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய் என்று வழங்குகிறோம்.

டிமென்ஷியா என்பது ஒரே நோயன்று. பல நோய்களால் ஏற்படும் ஒரு நிலை. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதைப் போல இதற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். உலகில் காணப்படும் மறதி நோயில் 60 முதல் 70 சதவீதம் வரை இதனால் வருகிறது. 1906ஆம் ஆண்டு அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இறந்துபோன தம் நோயாளி ஒருவரின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் கண்ட படிவுகளையும் நரம்பணுக்களுக்குள் கண்ட நூல் சிக்கல்களையும் ஒரு மருத்துவக் கூட்டத்தில் விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் மறதி நோய் வரும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதை அறிய, நினைவு என்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

நினைவு ஒன்றல்ல, பல

1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோயைத் தணிக்க மூளையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மூளையின் இரு பக்கங்களிலும், கடல்குதிரை வடிவம் கொண்ட ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. சற்றுமுன் சந்தித்தவரைக்கூட முதன்முறை பார்ப்பவர்போல வரவேற்பார். 2008இல் அவர் இறக்கும்வரை, 'எச்.எம்.' என்ற எழுத்துகளாலேயே அறிவியல் உலகம் அவரை அறிந்திருந்தது.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளிலுள்ள நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். கண்ணாடி பிம்பம் திசையை மாற்றிக் காட்டுவதால் முதலில் கை எல்லோருக்கும் தாறுமாறாகவே போகும். எச்.எம். நாளுக்கு நாள் தேறினார். மூன்றாம் நாளில் திறமையாக வரைந்தார். வியப்பு என்னவென்றால், இந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை!

இதிலிருந்து என்ன தெரிகிறது? நிகழ்ச்சிகளை நினைவில் வைப்பது ஒரு வழி. கைப்பழக்கத்தை நினைவில் வைப்பது வேறொரு வழி. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் பொறுப்பு. எச்.எம்முக்கு வந்தது மறதி நோயன்று. ஆனால் அல்சைமர் நோய் தொடக்கத்தில் தாக்கும் இடங்களுள் ஹிப்போகாம்பஸும் ஒன்று. ஆகையால், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்துபோன பாட்டியின் கைகள் அழகாகப் பூத்தொடுப்பதை நீங்கள் பார்க்கலாம். கைப்பழக்க நினைவு அவரிடம் நீண்ட நாள் நிலைத்திருக்கிறது. இழந்ததை மட்டும் எண்ணாமல், எஞ்சியிருப்பது எது என்று தேடி அதன்மேல் கட்டுவதுதான் மறுவாழ்வுப் பயிற்சியின் அடிப்படை.

அன்பு மறைத்த நோய்

1998ஆம் ஆண்டு கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு '10/66' என்று பெயர் வைத்தார்கள். மறதி நோயாளிகளில் சுமார் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தார்கள். ஆராய்ச்சியிலோ 10 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகவே அந்நாடுகளில் நடந்தது. இந்தக் குறையைச் சுட்டவே அப்பெயர். இக்குழு இந்தியாவில் கணக்கெடுப்பு நடத்திய இடங்கள் இரண்டும் தமிழ்நாட்டில்தான் உள்ளன: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்ப் பகுதி.

2008இல் வெளியான முடிவுகளில் ஒரு புதிர் இருந்தது. மேலைநாட்டு மருத்துவ இலக்கணத்தின்படி கணக்கெடுத்தபோது, இந்தியக் கிராமத்தில் 65 வயதைக் கடந்தவர்களில் வெறும் 0.3 சதவீதம் பேருக்கே மறதி நோய் இருப்பதாக வந்தது. பல பண்பாடுகளுக்கும் பொருந்துமாறு தாங்களே வகுத்த முறையில் கணக்கெடுத்தபோதோ, ஆய்வு நடந்த எல்லா இடங்களிலும் அது 5.6 முதல் 11.7 சதவீதம் வரை இருந்தது. ஏன் இவ்வளவு வேறுபாடு?

மேலைநாட்டு இலக்கணத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நினைவு குறைந்திருந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வேலைகள் பாதிக்கப்பட்டதாக வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தாத்தாவுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுக்கிறோம். வேட்டியை எடுத்துக் கொடுக்கிறோம். வங்கிக்கும் கடைக்கும் மகனே போய் வருகிறார். எல்லாவற்றையும் பிறர் செய்யும்போது, தாத்தாவால் எது முடியவில்லை என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. "வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருப்பாரு" என்று விட்டுவிடுகிறோம்.

அன்பு நல்லதுதான். ஆனால் அந்த அன்பே நோயை மறைத்துவிடுகிறது. அதோடு, எஞ்சியிருக்கும் திறமையையும் பயன்படுத்தவிடாமல் செய்கிறது. கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையாமல் வைத்த கை மெலிந்துபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயன்படாத பழக்கமும் அப்படியே மங்குகிறது.

பெருங்குடியில் ஒரு வீடு

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இடம் சென்னையின் தெற்கிலுள்ள பெருங்குடி. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை இது தனிப் பேரூராட்சியாக இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் கணிப்பொறி அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்த பிறகு, வேலை பார்க்கும் பிள்ளைகளோடு வசிக்க ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள்.

நம் பாட்டியும் அப்படி மன்னார்குடியிலிருந்து வந்தவர். வயது 74. ஊரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கோவிலுக்குப் போய்வருவார். இங்கோ ஆறாவது மாடியில் எல்லாக் கதவுகளும் ஒரே நிறம், ஒரே வடிவம். மருத்துவர் பரிசோதித்து, அல்சைமர் நோயின் தொடக்கம் என்று சொல்லியிருக்கிறார். இருமுறை பால் பாத்திரம் கருகியது. அன்று முதல் பாட்டிக்குச் சமையலறை கிடையாது. மகனும் மருமகளும் அலுவலகம் போனபின், தொலைக்காட்சி முன் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வீட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர், அதாவது அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பயிற்றும் சிகிச்சையாளர் ஒருவர், வருகிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "பாட்டிக்கு என்ன குறை?" என்பதன்று. பாட்டியிடமே, "எதை மறுபடி நீங்களே செய்யணும்னு ஆசைப்படுறீங்க, பாட்டி?" என்று கேட்கிறார். பாட்டி சற்று யோசித்துச் சொல்கிறார்: "காலையில என் கையால ஒரு காபி போட்டு, பால்கனியில உக்காந்து குடிக்கணும்."

குறிக்கோள் கிடைத்துவிட்டது. அடுத்து, பாட்டியைக் காபி போடச் சொல்லி, குறுக்கிடாமல் அருகில் நின்று பார்க்கிறார். நீங்கள் எழுதினீர்களே, அதே பட்டியல் அவர் கையிலும் இருக்கிறது. சரியாக நடக்கும் படிகளுக்கு எதிரே ஒரு கோடு. தடைப்படும் படிகளுக்கு எதிரே ஒரு வட்டம். இறுதியில் வட்டங்கள் மூன்றே: பில்டரில் தூள் போட்டாயிற்றா என்பது மறந்து மீண்டும் போடுகிறார், பால் பொங்குவதைக் கவனிக்கத் தவறுகிறார், அடுப்பின் குமிழை மூட மறக்கிறார். மற்றவை எல்லாம் கைப்பழக்கத்தில் பழுதின்றி இருக்கின்றன. ஆற்றுகிற ஆற்றலில் ஒரு சொட்டு சிந்தவில்லை!

இனி மூன்று வட்டங்களுக்கும் மூன்று முட்டுகள்.

முதலாவது, தூள். ஒரு வேளைக்குரிய தூளை முதல்நாள் இரவே அளந்து ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் வைத்துவிட வேண்டும். புட்டி காலியாக இருந்தால் போட்டாயிற்று. நிறைந்திருந்தால் இனிமேல்தான் போட வேண்டும். பாட்டி நினைவில் வைக்க வேண்டியதைப் புட்டி நினைவில் வைத்துக்கொள்கிறது.

இரண்டாவது, பால். நம் பாத்திரக் கடைகளில் விசிலடிக்கும் பால் குக்கர் கிடைக்கிறது. இதற்கு இரட்டைச் சுவர். இரண்டுக்கும் இடையில் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் கொதிக்கும்போது வெப்பநிலை 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஆகவே, உள்ளிருக்கும் பால் நன்கு சூடேறுமே தவிரப் பொங்கி வழியாது, கருகாது. ஆவி விசில் வழியாக வெளியேறி ஓசை எழுப்பும். நீங்கள் படித்த உள்ளுறை வெப்பம் இங்கே பாட்டிக்குக் காவலாள் ஆகிறது. ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். முதுமையில் உயர் அதிர்வெண் கொண்ட ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பாட்டி இருக்கும் இடத்தில் அந்த விசில் அவர் காதில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விசில் அடித்தபின்னும் அடுப்பை எரியவிட்டால் இடையிலுள்ள நீர் வற்றிவிடும். ஆகையால் குமிழை மூடுவது இப்போதும் முக்கியம்.

பெருக்குத் தொடரில் ஒரு பாடம்

குமிழை மூடும் பழக்கத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். புதிய செய்தி நிற்காத மனத்தில் எப்படிக் கற்பிப்பது?

இதற்கு இரண்டு உத்திகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, தவறு நேரவிடாமல் கற்பித்தல். "யோசிச்சுச் சொல்லுங்க பாட்டி" என்று ஊகிக்க விடக் கூடாது. நீங்களும் நானும் தவறான விடை சொன்னால், அது தவறு என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கிறோம். நினைவு குன்றியவருக்கோ 'தவறு' என்ற குறிப்பு மறைந்து, சொன்ன விடை மட்டும் பதிந்துவிடுகிறது. 1994இல் இங்கிலாந்தில் ஆலன் பேடலியும் பார்பரா வில்சனும் நினைவிழப்பு உள்ளவர்களிடம் இதைச் சோதித்துக் காட்டினர். எனவே முதலில் சரியான விடையை நாமே சொல்லிவிட வேண்டும்.

மற்றொன்று, இடைவெளியைப் பெருக்கிக் கேட்டல். "விசில் அடிச்சதும் என்ன செய்யணும், பாட்டி?" என்று கேட்டு, "குமிழை மூடணும்" என்று விடையையும் சொல்லிக்கொடுக்கிறோம். பாட்டி அதைத் திருப்பிச் சொல்லிக் கையால் செய்தும் காட்டுகிறார். அரை நிமிடம் கழித்து மீண்டும் கேட்கிறோம். சரியாகச் சொன்னால் அடுத்து 1 நிமிடம், பிறகு 2, 4, 8, 16, 32 நிமிடங்கள். நடுவில் வேறு பேச்சு பேசிக்கொண்டிருக்கலாம். தவறினால் உடனே விடையைச் சொல்லிக்கொடுத்து, கடைசியாக வெற்றி பெற்ற இடைவெளிக்குத் திரும்ப வேண்டும்.

இந்த எண்களைப் பாருங்கள். பொது விகிதம் 2 உடைய பெருக்குத் தொடர்! ஏழு உறுப்புகளின் கூடுதலை வாய்பாட்டில் போட்டால் 63.5 நிமிடம் வருகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடக்கும் இந்தப் பாடத்தில் கேள்வி கேட்பது ஏழே முறைதான். ஒவ்வொரு முறையும், மறந்துபோகும் தறுவாயில் நினைவைத் தட்டி எழுப்புவதால் அது உறுதிப்படுகிறது. இதைச் சில நாட்கள் தொடர்ந்தால், விசில் ஓசையும் குமிழை மூடும் கையும் இணைந்துவிடும். தேர்வுக்குப் படிக்கும் நீங்களும் இந்த முறையைக் கையாளலாம்.

கண்ணுக்கு உதவும் இயற்பியல்

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே ஒளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வயது ஏறும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது, விழிலென்சு மஞ்சளாகிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக் கண்ணில் போய்ச் சேருகிறது. மஞ்சள் லென்சு நீல ஒளியை அதிகமாக உட்கவர்வதால், கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வேறுபாடு தெரிவது கடினம். மறதி நோய் இதனோடு சேரும்போது, கண் அரைகுறையாகக் காண்பதை மூளையால் நிரப்பிக்கொள்ளவும் முடிவதில்லை.

ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்படுவது அதன் ஒளிர்வால் மட்டும் அன்று. பின்னணியின் ஒளிர்வுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டால்தான். வெள்ளைப் பீங்கான் தட்டில் வெள்ளை இட்லி வைத்தால் இந்த வேறுபாடு மிகக் குறைவு. பாட்டி பாதி இட்லியை விட்டுவிட்டு எழுந்தால், பசியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இட்லி கண்ணில் படாமலும் இருந்திருக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய அல்சைமர் நோய் கண்ட ஒன்பது பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. வெள்ளைத் தட்டுக்கும் கோப்பைக்கும் பதிலாகப் பளிச்சென்ற சிவப்பில் கொடுத்தபோது, அவர்கள் உண்ட உணவு 25 சதவீதமும், பருகிய பானம் 84 சதவீதமும் கூடின. ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் செலவில்லாத இந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். பச்சை வாழையிலையில் வெள்ளைச் சோறு வைத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே விளங்கும்.

இதே விதி வீடு முழுவதற்கும் பொருந்தும். வெள்ளைச் சுவரில் வெள்ளை மின்விசை இருந்தால் சுற்றிலும் ஒரு வண்ணப் பட்டை ஒட்டலாம். வெளிர் நிறத் தரையில் கறுப்பு மிதியடி கிடந்தால் அது பள்ளம்போலத் தோன்றி அவரைத் தயங்க வைக்கும், எடுத்துவிடலாம். மூடிய அலமாரிக்குள் இருக்கும் டம்ளர் அவரைப் பொறுத்தவரை இல்லாத டம்ளர்தான். வெளியே எடுத்து வைக்கலாம், அல்லது கதவில் டம்ளர் படம் ஒட்டலாம். ஒரே மாதிரியான ஆறாவது மாடிக் கதவுகளுக்கிடையே பாட்டியின் கதவில் மட்டும் மாவிலைத் தோரணமும், அவர் இளமையில் எடுத்த ஒரு புகைப்படமும் மாட்டினால் போதும். நடைக்கூடத்தில் உலாவிவிட்டு அவர் தாமே வீடு திரும்புவார்.

எல்லா நவீனக் கருவிகளும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. இன்டக்‌ஷன் அடுப்பில் தீ இல்லை. பாத்திரத்தின் அடியில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டமே சூடேற்றுகிறது. பாத்திரத்தை எடுத்தால் சூடேற்றுவது நின்றுவிடும். இயற்பியல்படி பாதுகாப்பானது. ஆனால் அதன் பொத்தான்கள் பாட்டிக்குப் புதியவை. ஐம்பது ஆண்டுகள் குமிழைத் திருகிய கைக்கு அந்தக் குமிழே எளிது. அத்தகையவருக்கு வெப்ப மின்னிரட்டை பொருத்திய கேஸ் அடுப்பு நல்லது. தீ அணைந்தால் மின்னிரட்டையில் உண்டாகும் மின்னழுத்தம் குறையும். மின்காந்தம் பிடியை விடும். வால்வு மூடிக் கேஸ் நிற்கும். எதுவாயினும் பாட்டி அடுப்பைப் பயன்படுத்தும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். தாமாக இயங்கவிடுவது என்றால் தனியே விட்டுவிடுவது என்று பொருளன்று.

சோதனைகள் சொல்வது என்ன?

இவை வெறும் யோசனைகளா, மெய்ப்பிக்கப்பட்டவையா என்று கேட்பதுதான் அறிவியல் மாணவருக்கு அழகு. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 135 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. 2006இல் முடிவு வெளியானது. ஒரு பகுதியினரின் வீட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஐந்து வாரங்களில் பத்து முறை சென்றார். அவர்கள் அன்றாட வேலைகளில் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நீடித்தது.

பிரிட்டனில் லிண்டா கிளேர் என்ற உளவியலாளரின் தலைமையில், நோயின் தொடக்க நிலையில் இருந்த 475 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. நம் கற்பனைப் பாட்டியைப் போல ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய குறிக்கோளைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுப் பயிற்சி பெற்றவர்கள் மூன்று மாதத்திலும் ஒன்பது மாதத்திலும் அந்த வேலைகளில் தேர்ச்சி காட்டினார்கள். ஆனால் பொதுவான நினைவாற்றல் சோதனைகளில் அவர்களுக்கு மதிப்பெண் கூடவில்லை. அதாவது, பயிற்சி நோயைப் போக்குவதில்லை. பயிற்றிய வேலையைத் திருப்பித் தருகிறது. இந்த எல்லையை மறைக்காமல் சொல்வதும் அறிவியலின் கடமை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து, 2008இல் வெளியான சோதனையில், மருத்துவர் அல்லாத உள்ளூர் மக்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோயைப் பற்றி விளக்குவது, தொல்லை தரும் நடத்தைகளைச் சமாளிக்கக் கற்றுத்தருவது, ஆறுதல் சொல்வது ஆகியவை அவர்கள் பணி. ஆறு மாதத்தில், பராமரிக்கும் குடும்பத்தாரின் மன உளைச்சல் கணிசமாகக் குறைந்தது. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பினர், லண்டனில் உருவான குழுப் பயிற்சி ஒன்றை நம் பழக்கவழக்கங்களுக்கேற்ப மாற்றி அமைத்துச் சோதித்திருக்கிறார்கள். 1992இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

ஆயினும் இத்தகைய வீட்டுப் பயிற்சி மிகச் சில குடும்பங்களுக்கே கிட்டுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே போனார்கள். மாத்திரை போய்ச் சேரும் வாசலுக்குப் பயிற்சியும் போய்ச் சேர முடியும். கோவா சோதனை காட்டுவது அதைத்தான்.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பெரியவர் ஒருவர் தடுமாறத் தொடங்கினால், முதல் வேலை மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்வது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் மறதி நோய்போலத் தோன்றும். இவற்றைச் சரிசெய்ய முடியும். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன, இரண்டுக்கும் கட்டணமில்லை.

அடுத்து, பேசும் விதம். "நேத்துதானே சொன்னேன், மறந்துட்டீங்களா?" என்று கேட்பது தேர்வு வைப்பதாகும். "பாட்டி, நான் கார்த்திக் வந்திருக்கேன். டிகாக்‌ஷன் இறங்கிடுச்சு, காபி கலக்கலாமா?" என்று சொன்னால், பெயர், வேலை, அடுத்த படி மூன்றும் அதிலேயே கிடைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் சொல்லுங்கள். விடைக்குப் பத்து விநாடி பொறுத்திருங்கள். அவர் மெதுவாகச் சட்டைப் பொத்தான் போடும்போது பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். மேல் பொத்தானை மட்டும் நீங்கள் தொடங்கிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், "நீங்களே செய்யணும்னு ஆசைப்படுறது எது?" என்று கேளுங்கள். சொல்வது பூத்தொடுப்பதாக இருக்கலாம், கோலம் போடுவதாக இருக்கலாம், வானொலியைத் தாமே திருப்புவதாக இருக்கலாம். அதைப் படிகளாக எழுதுங்கள். அருகில் நின்று, குறுக்கிடாமல் பாருங்கள். கோடுகள் எத்தனை, வட்டங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். வட்டங்களைவிடக் கோடுகள் அதிகமாக இருப்பதை நீங்களே காண்பீர்கள்.